ஒரு சொல், பல பொருள்: திருக்குர்ஆன் விளக்கவுரையில் 'உஜூஹ்' கலை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸ்ர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது, பெரியவர் ஒருவர் நமக்காகக் காத்து நின்றார். அவருடைய மகளுக்குக் கணவர் ஒரு தலாக் சொல்லியிருந்தார். சொன்னது மகள் தூய்மையாக இருந்த காலத்தில். மகள் இத்தா இருந்து வந்தார். மூன்றாவது மாதவிடாய் தொடங்கிய நான்காம் நாள், மனைவியை மீட்டுக்கொண்டதாகக் கணவரிடமிருந்து செய்தி வந்தது. இத்தா முடிந்துவிட்டது, இனி மீட்க இயலாது என்றார் ஓர் ஆலிம். இத்தா இன்னும் முடியவில்லை, மீட்டது செல்லும் என்றார் மற்றோர் ஆலிம். இருவரும் ஓதிக் காட்டியது ஒரே வசனம்.

"ஹஜ்ரத், ஆயத்து ஒன்றுதானே? சட்டம் எப்படி இரண்டாயிற்று?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் ஐயத்தைவிட வேதனையே மிகுதியாக இருந்தது.

அவ்விரு ஆலிம்களில் எவரும் தவறாகச் சொல்லவில்லை. வசனத்திலுள்ள ஒரு சொல்லுக்கு அரபு மொழியில் இரண்டு பொருள்கள் உண்டு. அவ்வளவே செய்தி. ஆயினும் அந்த 'அவ்வளவே' என்பதற்குள் நம் முன்னோர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வளர்த்த ஒரு கலை அடங்கியிருக்கிறது. அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழுக்கும் புதிதன்று

ஒரு சொல் பல பொருள் தருவது அரபு மொழிக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. நாம் 'திங்கள்' என்கிறோம். அது நிலவைக் குறிக்கும், மாதத்தைக் குறிக்கும், வாரத்தின் ஒரு நாளையும் குறிக்கும். 'ஆறு' என்பது நதியாகவும், எண்ணாகவும், வழியாகவும் நிற்கும். தொல்காப்பியர் இத்தகைய சொற்களைப் 'பலபொருள் ஒருசொல்' எனப் பெயரிட்டு இரண்டாகப் பிரித்தார். உடன் வரும் வினையால் பொருள் தெளிவாகிவிடுவது ஒன்று; வினை வந்தும் தெளிவாகாதது மற்றொன்று. 'மா பூத்தது' என்றால் மரம் என்று எவரும் அறிவர். 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்று கேட்க வேண்டியிருக்கும். வினையும் இனமும் சார்பும் பொருளைத் தெளிவிக்கும் என்பது அவர் தரும் வழி. நம் நிகண்டுகளிலும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைக்கும் தனிப் பகுதி உண்டு.

தமிழ் இலக்கணம் அறிந்த மாணவருக்கு அரபுக் கல்லூரியில் இப்பாடம் எளிதில் விளங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அரபு இலக்கணத்தாரும் சட்டக்கலை அறிஞரும் இத்தகைய சொல்லை 'முஷ்தரக்' என்பர். பல பொருள்கள் கூட்டாக உரிமை கொண்டாடும் சொல் என்பது அதன் கருத்து.

உஜூஹும் நளாயிரும்

திருக்குர்ஆனின் சொற்களை இக்கண்கொண்டு ஆராயும் கலைக்கு 'அல்உஜூஹ் வன்னளாயிர்' என்று பெயர். 'உஜூஹ்' என்றால் முகங்கள். 'நளாயிர்' என்றால் ஒத்தவை. ஒரே சொல் பல இடங்களில் வருகிறது. தோற்றத்தில் ஒத்திருக்கும் அச்சொற்கள் நளாயிர். இடத்திற்கிடம் வேறுபடும் அவற்றின் பொருள்கள் உஜூஹ். இவ்வாறு விளக்கியவர் இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 597, கி.பி. 1201) ஆவார். இமாம் ஸர்கஷீ (ரஹ்) (ஹி. 794, கி.பி. 1392) தமது 'அல்புர்ஹான்' நூலிலும், இமாம் சுயூத்தி (ரஹ்) (ஹி. 911, கி.பி. 1505) தமது 'அல்இத்கான்' நூலிலும் இதற்குத் தனி இயல் ஒதுக்கினர்.

இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் முகாத்தில் பின் சுலைமான் (ஹி. 150, கி.பி. 767) அவர்களுடையது. நேர்வழி எனப் பொதுவாகப் பொருள் சொல்லப்படும் 'ஹுதா' என்ற சொல்லுடன் அந்நூல் தொடங்குகிறது. அச்சொல்லுக்கு மட்டும் பதினேழு முகங்களை அவர் காட்டுகிறார். தூர் மலையருகே நெருப்பைக் கண்ட மூசா (அலை) அவர்கள் அங்கே 'ஹுதா' கிடைக்கலாம் என்றது (20:10), இரவில் பாதை காட்டும் ஆளைக் கருதியே. வேறோரிடத்தில் (40:53) அச்சொல் அவர்களுக்கு அருளப்பட்ட தவ்ராத்தைக் குறிக்கிறது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு 'உம்மத்'. சமுதாயம் என்பதே நாம் அறிந்த பொருள். மத்யன் நகரத்துக் கிணற்றருகே மூசா (அலை) அவர்கள் கண்ட 'உம்மத்', ஆடுகளுக்கு நீர் புகட்டிய மக்கள் கூட்டம் (28:23). இப்ராஹீம் (அலை) அவர்கள் தனியொருவராக ஓர் 'உம்மத்' எனப் போற்றப்படும் இடத்தில் (16:120) அது நன்மையில் பின்பற்றத்தக்க முன்னோடி என்று பொருள்படும். யூசுஃப் (அலை) அவர்களின் சிறைத்தோழர் ஓர் 'உம்மத்'துக்குப் பின்னர் அவர்களை நினைவுகூர்ந்தார் என்னும் இடத்தில் (12:45) அது நீண்ட காலம். தம் முன்னோரை ஓர் 'உம்மத்'தின் மீது கண்டதாக இணைவைப்போர் வாதிட்ட இடத்தில் (43:22) அது மார்க்கம். ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற 'உம்மத்'துகளே என்னும் இடத்தில் (6:38) அது உயிரினம். சொல் ஒன்று, முகங்கள் ஐந்து. எல்லா இடத்திலும் 'சமுதாயம்' என்றே ஒருவர் மொழிபெயர்ப்பாராயின், சிறைத்தோழர் ஒரு சமுதாயத்திற்குப் பின் நினைவுகூர்ந்தார் என்று வரும். அதற்குப் பொருளே இராது.

முகத்தை அறிவது எவ்வாறு?

அகராதியைத் திறந்து விரும்பிய பொருளை எடுத்துக்கொள்ள இக்கலை இடம் தருவதில்லை. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை முடிவுசெய்ய அறிஞர்கள் படிகளை வகுத்தனர். அதே சொல் குர்ஆனின் பிற இடங்களில் எவ்வாறு ஆளப்பட்டுள்ளது என்று பார்த்தல். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விளக்கம் உண்டா என்று தேடுதல். நபித்தோழர்கள் எவ்வாறு விளங்கினர் என்று அறிதல். வேதம் அருளப்பட்ட காலத்து அரபியர் வழக்கை ஆராய்தல். வசனத்தின் முன்பின் தொடர்பைக் காணுதல் என்பன அவை. இறுதியில் சொன்னதை 'ஸியாக்' என்பர். தொல்காப்பியர் 'சார்பு' என்றது ஏறத்தாழ இதுவே.

'ளன்னு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஊகம், எண்ணம் என்பன அதன் பெருவழக்கான பொருள்கள். உண்மைக்கு முன் ஊகம் ஒரு பயனும் தராது என்று குர்ஆன் கண்டிக்கும் இடத்தில் (10:36) இச்சொல்லே வருகிறது. ஆனால் உள்ளச்சமுடைய தொழுகையாளிகளைப் புகழும் இடத்திலும், தம் இறைவனைச் சந்திப்போம் என்று அவர்கள் கொண்டிருப்பது 'ளன்னு' எனப்படுகிறது (2:46). மறுமையை வெறுமனே ஊகிப்பவரை இறைவன் புகழ்வானா? அங்கே அச்சொல்லுக்கு உறுதியான நம்பிக்கை என்பதே பொருள். இச்சொல் புகழப்படும் இடத்தில் உறுதி, இகழப்படும் இடத்தில் ஐயம் என ஓர் அளவுகோலை இமாம் ஸர்கஷீ (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள்.

மற்றொரு முறை, விதியையும் விலக்கையும் தொகுத்தல். இமாம் இப்னு ஃபாரிஸ் (ரஹ்) (ஹி. 395, கி.பி. 1004) இதற்கென்றே 'அல்அஃப்ராத்' என்ற சிறுநூலை இயற்றினார்கள். 'பஅல்' என்ற சொல் குர்ஆனில் கணவனையே குறிக்கும். இல்யாஸ் (அலை) அவர்களின் மக்கள் வணங்கிய சிலையைச் சொல்லும் ஓரிடம் (37:125) மட்டும் விலக்கு. 'அஸஃப்' என்றால் துயரம்; ஃபிர்அவ்ன் கூட்டத்தார் இறைவனின் சினத்திற்கு உள்ளான இடத்தில் (43:55) மட்டும் கோபம். இத்தகைய குறிப்புகளைத் தொகுப்பதற்கு முழுக் குர்ஆனும் ஒருவரின் உள்ளத்தில் ஒருங்கே விரிந்திருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கைக் கைவிட்டால் என்னவாகும் என்பதை இஸ்லாமிய வரலாறு தொடக்கத்திலேயே கண்டுவிட்டது. ஹிஜ்ரி 37-ஆம் ஆண்டு (கி.பி. 657) ஸிஃப்ஃபீன் போருக்குப் பின் இரு தரப்பாரும் நடுவர்களை ஏற்றபோது, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது என்னும் வசனத்தைக் காட்டி, மனிதரை நடுவராக்கியது இறைமறுப்பு என்று காரிஜிய்யாக்கள் கிளம்பினர். 'ஹுக்ம்' என்ற சொல்லின் ஒரு முகத்தை மட்டுமே அவர்கள் கண்டனர். கணவன் மனைவி பிணக்கில் இரு நடுவரை அமர்த்துமாறு அதே வேதம் பணிப்பதையும் (4:35), இஹ்ராமில் வேட்டையாடியவருக்கான பரிகாரத்தை நேர்மையான இருவர் முடிவுசெய்யச் சொல்வதையும் (5:95) இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பலர் திருந்தினர். திருந்தாதோர் வாளெடுத்தனர். குர்ஆன் பல முகங்களைத் தாங்கி நிற்பது, எனவே அவர்களிடம் நபிவழியைக் கொண்டு வாதிடுங்கள் என்று அலீ (ரலி) அவர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதாக வரும் செய்தியை இமாம் சுயூத்தி (ரஹ்) இக்கலையின் இயலிலேயே பதிவு செய்திருப்பது கருதத்தக்கது.

இரண்டும் பொருந்தும் இடங்கள்

எல்லா விதிகளையும் பொருத்திப் பார்த்த பின்னரும் இரு பொருள்களுக்கு இடமளிக்கும் சொற்கள் சில உண்டு. இரவின் மீது சத்தியமிடும் வசனத்தில் (81:17) வரும் 'அஸ்அஸ' என்ற வினை, இரவு வருவதையும் குறிக்கும், போவதையும் குறிக்கும். அடுத்த வசனம் விடியலைச் சொல்வதால் இரவு விலகுவதே பொருள் என்று இமாம் தபரீ (ரஹ்) (ஹி. 310, கி.பி. 923) கொண்டார்கள். இரவு வந்து மூடுவதையும் பகல் ஒளிர்வதையும் இணைத்துச் சொல்லும் பிற வசனங்களை ஒப்புநோக்கி, இரவு வருவதே பொருத்தம் என்றார்கள் இமாம் இப்னு கஸீர் (ரஹ்) (ஹி. 774, கி.பி. 1373). இரண்டில் எதைக் கொண்டாலும் கொள்கைக்கோ சட்டத்திற்கோ ஊறு நேர்வதில்லை. வருவதும் போவதும் இறையாற்றலின் சான்றுகளே. இத்தகைய வேறுபாட்டை இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) (ஹி. 728, கி.பி. 1328) முரண்பாடாகக் கருதவில்லை, பன்மையாகவே கண்டார்கள்.

ஒரே நேரத்தில் ஒரு சொல்லின் எல்லாப் பொருள்களையும் கொள்ளலாமா? இது உஸூலுல் ஃபிக்ஹ் எனும் சட்டவியல் அடிப்படைக் கலையின் புகழ்பெற்ற வினா. அல்லாஹ்வும் வானவர்களும் நபியின் மீது 'ஸலாத்' சொல்கின்றனர் என்ற வசனத்தில் (33:56) ஒரே வினைச்சொல், அல்லாஹ்வைச் சார்ந்து அருள் புரிவதையும், வானவரைச் சார்ந்து பாவமன்னிப்பு வேண்டுவதையும் குறிக்கிறது. எனவே கொள்ளலாம் என்பர் ஷாஃபிஈ அறிஞர்கள். ஹனஃபி அறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. நபியவர்களின் சிறப்பில் ஈடுபாடு காட்டுதல் என்ற ஒரு பொதுப்பொருளே அங்குக் கொள்ளப்படுகிறது என்பது அவர்கள் விடை.

'குரூஉ': ஒரு சொல்லும் ஒரு பெண்ணின் வாழ்வும்

இனி அப்பெரியவரின் வினாவுக்கு வருவோம். தலாக் சொல்லப்பட்ட பெண்கள் மூன்று 'குரூஉ' காத்திருக்க வேண்டும் என்பது குர்ஆனின் ஆணை (2:228). 'குரூஉ' என்பது 'குர்உ' என்பதன் பன்மை. அச்சொல் மாதவிடாயையும் (ஹைள்) குறிக்கும். இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் (துஹ்ர்) குறிக்கும். இரண்டும் அரபியர் வழக்கில் உள்ளவை. குறித்த காலத்தில் வருவது என்பதே வேர்ப்பொருள் என்றும், அதனாலேயே இரண்டிற்கும் பொருந்திற்று என்றும் மொழியறிஞர் சிலர் விளக்குவர்.

ஆயிஷா (ரலி), ஸைத் பின் ஸாபித் (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோர் தூய்மைக் காலம் என்றனர். இமாம்கள் மாலிக் (ரஹ்), ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் அவ்வழி நின்றனர். உமர் (ரலி), அலீ (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) ஆகியோர் மாதவிடாய் என்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும், தமது பிற்காலக் கருத்தில் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும் அதனை ஏற்றனர்.

முதல் சாராரின் சான்றுகளைக் காண்போம். இத்தாவுக்குரிய காலத்தில் தலாக் சொல்லுமாறு குர்ஆன் பணிக்கிறது (65:1). மாதவிடாயின்போது தலாக் சொல்லிவிட்ட இப்னு உமர் (ரலி) அவர்களை மனைவியை மீட்டுக்கொள்ளச் செய்து, தூய்மைக் காலமே அதற்குரிய வேளை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. ஆகவே இத்தா கணக்கிடப்படுவதும் தூய்மைக் காலத்தைக் கொண்டே. மேலும் அரபு இலக்கணப்படி எண்ணுப்பெயர் 'ஸலாஸத' என வந்திருப்பதால் எண்ணப்படும் பொருள் ஆண்பாலாக இருக்க வேண்டும். 'துஹ்ர்' ஆண்பால், 'ஹைளா' பெண்பால். பழங்கவிஞர் அல்அஃஷா இச்சொல்லைத் தூய்மைக் காலத்திற்கு ஆண்டிருப்பதும் அவர்களுக்கு ஆதரவாகும்.

இரண்டாம் சாரார் விடை கூறுவர்: 'குர்உ' என்ற சொல்லே ஆண்பால்தான், எண்ணுப்பெயர் சொல்லுக்கேற்ப வந்தது. மூன்று என்பது கூடாமலும் குறையாமலும் நிறைவேற வேண்டிய எண். தூய்மைக் காலம் எனக் கொண்டால், தலாக் சொன்ன தூய்மைக் காலத்தின் எஞ்சிய பகுதியும் ஒன்றாக எண்ணப்படும். அப்போது காத்திருப்பது இரண்டும் ஒன்றன் பகுதியுமே. மாதவிடாய் எனக் கொண்டால்தான் மூன்று முழுமையாகும். மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு அதற்கு ஈடாக மூன்று மாதங்கள் விதிக்கப்பட்டிருப்பதும் (65:4), தொடர் உதிரப்போக்குடைய பெண்ணிடம் தம் 'அக்ராஉ' நாட்களில் தொழுகையை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகச் சுனன் நூல்களில் வருவதும் இப்பொருளையே காட்டுகின்றன. கருப்பை வெறுமையாக உள்ளது என்பதை அறிவிப்பதும் மாதவிடாயே.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) (ஹி. 204, கி.பி. 820) அவர்களும் மொழியறிஞர் அபூஉபைத் (ரஹ்) (ஹி. 224, கி.பி. 838) அவர்களும் இச்சொல் பற்றி வாதிட்டு, இறுதியில் ஒவ்வொருவரும் மற்றவர் கருத்தை ஏற்றுப் பிரிந்தனர் என்று ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்று நூல்களில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இரு பக்கச் சான்றுகளும் எவ்வளவு வலுவானவை என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டின் விளைவு என்ன? தூய்மைக் காலத்தில் தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு ஷாஃபிஈ வழியில் மூன்றாம் மாதவிடாய் தொடங்கியதும் இத்தா முடியும். ஹனஃபி வழியில் அம்மாதவிடாய் முடிந்த பின்னரே முடியும். இடைவெளி ஒரு சில நாட்களே. ஆனால் அச்சில நாட்களில் கணவர் இறந்தால் அவள் வாரிசா, இல்லையா? அவர் மீட்டுக்கொண்டால் அது செல்லுமா? இத்தாவுக்குள் மீட்டுக்கொள்ள மனைவியின் சம்மதம் சட்டத்தில் நிபந்தனையன்று. இத்தா முடிந்துவிட்டால் புதிய நிகாஹும் புதிய மஹரும் அவளுடைய சம்மதமும் வேண்டும். ஒரு பெண்ணின் சொல்லுக்கு இடமுண்டா என்பது 'குர்உ' என்ற மூன்றெழுத்து வேரின் பொருளில் தங்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்போரின் பொறுப்பு

ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபினர் ஒரே ஊரில் அடுத்தடுத்து வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தமிழகத்தில் இது ஏட்டுச் செய்தியன்று. ஆனால் தமிழில் இவ்வசனத்தைப் பெயர்ப்பவர் 'மூன்று மாதவிடாய்' என்றோ 'மூன்று தூய்மைக் காலம்' என்றோ ஒன்றைத்தான் எழுத இயலும். தமிழில் இரண்டையும் குறிக்கும் ஒரு சொல் இல்லை. அது அவர் குற்றமன்று. எனினும் அடிக்குறிப்பு ஒன்றும் இன்றி அவர் ஒன்றை எழுதிச் செல்வாராயின், அதைப் படிப்பவர் மற்றொரு பொருளைச் சொல்லும் ஆலிமைக் குர்ஆனுக்கு மாறுசெய்தவர் என்றே கருதுவார். மூலத்தில் திறந்திருக்கும் கதவு மொழிபெயர்ப்பில் ஓசையின்றி அடைபடுகிறது. பின்னர் ஊரில் எழும் சண்டைக்கு வேதமா பொறுப்பு?

எனவே நம் மாணவர்களிடம் நாம் வலியுறுத்துவது இரண்டு. 'ளன்னு', 'உம்மத்' போன்ற சொற்களில் சூழல் பொருளை முடிவுசெய்துவிட்டது. அங்கே அகராதியைக் காட்டி வேறு பொருள் புகுத்துவது வேதத்தின் மீது நம் விருப்பத்தை ஏற்றுவதாகும். 'குரூஉ' போன்ற சொற்களில் நபித்தோழர்களே இரு வழி நின்றனர். அங்கே ஒன்றை மட்டுமே பொருள் என்று சாதிப்பது அறியாமையாகும். எது முதல்வகை, எது இரண்டாம்வகை என்று பிரித்தறிவதே கல்வி.

அப்பெரியவரிடம் நாம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. கணவர் மனப்பூர்வமாக அழைக்கிறாரா என்று கேட்டோம். ஆம் என்றார். மகளின் விருப்பம் என்ன என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கி, "அவளிடம் கேட்கவில்லை" என்றார். மாதவிடாய் முடியட்டும், பின்னர் மகள் இசைந்தால் புதிய மஹருடன் நிகாஹை மீண்டும் செய்துவையுங்கள், இரு மத்ஹபுகளிலும் ஐயத்திற்கு இடமின்றிப் போகும் என்றோம். மீட்டுக்கொள்ளும் உரிமையைக் கணவருக்கு அளிக்கும் அதே வசனம், அவர்கள் இணக்கத்தை நாடினால் என்றே அதனை நிபந்தனையிட்டுச் சொல்கிறது என்பதையும், கடமைகளைப் போன்றே பெண்களுக்கு உரிமைகளும் உண்டு என்று தொடர்கிறது என்பதையும் நினைவூட்டினோம். அச்சொற்களுக்கு இரண்டு பொருள்கள் இல்லை.

பத்து நாட்களுக்குப் பின் பெரியவர் மீண்டும் வந்தார். மகள் இசைந்துவிட்டதாகவும், மஹரை அவளே கேட்டு நிர்ணயித்ததாகவும் சொன்னார்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.